வேலைக் கடிதத்துக்குப் புள்ளி போய்விட்டது, இனி அது எதற்கு?

2025 ஏப்ரல் 5, வாசகர் கேள்வி

நான் கனரக வாகன மெக்கானிக். வயது 34. கனடாவில் நிரந்தரமாகக் குடியேற, புள்ளி வைத்து ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அரசுத் திட்டத்தில் ப்ரொஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக அங்குள்ள கம்பெனிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருந்தேன், வேலை தருகிறோம் என்று கடிதம் வந்தால் 50 புள்ளி கிடைக்கும் என்ற ஆசையில். மார்ச் 25-இலிருந்து வேலைக் கடிதத்துக்குப் புள்ளியே இல்லை என்று எடுத்துவிட்டார்கள். இனி வேலை தேடுவதை விட்டுவிட்டு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதச் சொல்கிறார் என் கன்சல்டன்ட். வேலைக் கடிதம் இனி வெறும் காகிதம்தானா?

ஏப்ரல் 5, இரவு

கன்சல்டன்ட் சொன்னதில் பாதி சரி. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுங்கள், அதில் நஷ்டமில்லை. வேலை தேடுவதை விடச் சொன்னாரே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

போனது சி.ஆர்.எஸ். என்ற தரவரிசைக் கணக்கில் இருந்த 50 புள்ளி. மூத்த நிர்வாகப் பதவி என்றால் 200 இருந்தது, அதுவும் போயிற்று. ஆனால் வேலைக் கடிதம் வேலை செய்கிற இடம் அந்தக் கணக்கு ஒன்று மட்டும் இல்லை. ஒரு மாகாணமே ஆளைத் தேர்ந்து பரிந்துரைக்கும் மாகாண நியமனம் கிடைத்தால் இன்றைக்கும் 600 புள்ளி, அந்த மாகாணப் பிரிவுகளில் பாதிக்கு மேல் வேலைக் கடிதம் இல்லாமல் வாசல்படி ஏற முடியாது. கிழக்குக் கடலோர மாகாணங்களுக்கான அட்லாண்டிக் திட்டத்தில் வேலைக் கடிதம் இல்லாமல் விண்ணப்பமே கிடையாது. ஜனவரி 30-ஆம் தேதி தொடங்கிய கிராமப்புறச் சமூகத் திட்டமும் அப்படித்தான்.

நான் 2018-இல் வேலைக் கடிதத்தோடு இங்கே வந்தவன். கட்டட வரைபடம் போடுகிறவன். என் கதை பிறகு.

ஏப்ரல் 6, காலை

நேற்று அவசரத்தில் எழுதியது. "பாதிக்கு மேல்" என்று நான் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, அதை அடித்துவிட்டுப் "பல" என்று படியுங்கள். மாகாணத்துக்கு மாகாணம் பிரிவுகள் மாறும், திறக்கும், திடீரென்று மூடும்.

இன்னொன்று. 2025-க்கு மாகாண நியமனத்துக்கான இலக்கை மத்திய அரசு 55,000-ஆக வைத்தது. 2024-இல் 1,10,000. பாதி. ஆகவே 600 புள்ளி இருக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டு யாரும் இன்றே பெட்டி கட்ட வேண்டாம்.

ஏப்ரல் 6, மாலை

ஏன் எடுத்தார்கள் என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருந்தார். பழைய கதையிலிருந்து வர வேண்டும்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2015 ஜனவரியில் வந்தபோது வேலைக் கடிதத்துக்கு 600 புள்ளி. மொத்தமே 1200. அதாவது கடிதம் இருந்தால் கதை முடிந்தது, அடுத்த டிராவில், அதாவது புள்ளி அதிகமுள்ளவர்களை எடுக்கும் சுற்றில், விண்ணப்பிக்க அழைப்பு. 2016 நவம்பரில் அதை 50 அல்லது 200 என்று வெட்டினார்கள். 2024 டிசம்பரில் அப்போது குடிவரவு அமைச்சராக இருந்த மார்க் மில்லர் அதையும் எடுக்கப்போவதாக அறிவித்தார், மார்ச் 25 முதல் பூஜ்யம். அதற்கு முன்பே அழைப்பு வந்தவர்களுக்குப் பாதிப்பில்லை.

காரணம் எல்.எம்.ஐ.ஏ. விற்பனை. தெரியாதவர்களுக்கு: வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க விரும்பும் நிறுவனம், உள்ளூரில் விளம்பரம் செய்து பார்த்தோம், ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி அரசிடம் வாங்கும் அனுமதிதான் எல்.எம்.ஐ.ஏ. ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம், அதைக் கட்ட வேண்டியது முதலாளி, தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. நடந்தது நேர் எதிர். 50 புள்ளிக்காக அந்தக் காகிதத்தைப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள், வாங்கவும் ஆள் இருந்தது. வேலையே இல்லாத வேலைக்குக் கடிதம். ஒழுங்காக வேலை தேடி வாங்கினவர்களுக்கும் சேர்த்து அடி விழுந்தது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்குப் போனது பழைய கதை, இங்கே புல்லுக்கு அடித்த மருந்தில் நெல்லும் கருகிவிட்டது.

ஏப்ரல் 9

என் கதை. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 அக்டோபரில் எல்.எம்.ஐ.ஏ. வழியாக ஒர்க் பெர்மிட்டோடு வந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெர்மிட் இரண்டு ஆண்டுக்கு. அதில் முதலாளியின் பெயரும் என் பதவியும் அச்சடித்திருக்கும், அந்த முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாது. இதைத்தான் குளோஸ்டு பெர்மிட் என்பார்கள். வந்த புதிதில் அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன், பட்டயம் மாதிரி.

2019 கோடையில் எனக்குப் பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்தது. வேலைக் கடிதத்தின் 50 புள்ளி இல்லாமல் வந்திருக்காது. அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லா ஆவணமும் ஏற்றிவிட வேண்டும். போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, பழைய கம்பெனிகளின் அனுபவக் கடிதம் எல்லாம் ஓடி ஓடிச் சேர்த்தேன். கடைசியாக இந்த நிறுவனத்தின் எச்.ஆரிடம் ஒரு கடிதம் கேட்டேன்: பி.ஆர். கிடைத்த பிறகும் குறைந்தது ஓராண்டு முழுநேர வேலை தருவோம் என்று.

ஆகஸ்டில், 60 நாளில் நாற்பத்து மூன்றாவது நாள், எங்கள் பிரிவையே கலைத்துவிட்டார்கள். கட்டுமானத் திட்டம் நின்றுபோயிற்று, வரைபடம் போடுகிற ஆறு பேருக்கும் வேலை இல்லை. புள்ளி போனால் மதிப்பெண் கட்-ஆஃபுக்குக் கீழே. அப்படியானால் அந்த அழைப்பை நாமே மறுத்துவிட வேண்டும். தெரியாத மாதிரி விண்ணப்பித்துவிட்டால் நிராகரிப்பு. மறைத்தது பொய்த்தகவல் என்று ஆனால் ஐந்து ஆண்டு தடை. ராத்திரி பதினொரு மணிக்குத் திரையில் "டிக்லைன்" பொத்தானை அமுக்கினேன். "உறுதியாகவா?" என்று கணினி இன்னொரு முறை கேட்டது.

ஏப்ரல் 9, சற்று நேரம் கழித்து

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. பத்து மாதம் வேலை பார்த்திருந்தேன். கனடா அனுபவத்துக்குப் புள்ளி பன்னிரண்டு மாதம் முடிந்தால்தான். பத்து மாதத்துக்கு பூஜ்யம். இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதத்தை இன்றைக்கும் மனதில் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12

"வேலை போனதும் வேறு இடத்தில் சேர்ந்திருக்கலாமே" என்று கேட்கிறார் ஒருவர். சேர முடியாது, அதுதான் குளோஸ்டு பெர்மிட். பெர்மிட் தேதி முடியும்வரை நாட்டில் இருக்கலாம், ஆனால் சம்பாதிக்க முடியாது. புது முதலாளி வேண்டும், அவர் புதிதாக எல்.எம்.ஐ.ஏ. வாங்க வேண்டும், அது கிடைத்தபின் புது பெர்மிட். நேர்முகத்தேர்வில் எல்லாம் நன்றாகப் போகும், கடைசியில் "உங்கள் பெர்மிட் எப்படி?" என்பார்கள். சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன அமைதி வரும் பாருங்கள், அதிலேயே பதில் தெரிந்துவிடும். பதினேழு இடம் அப்படி.

2019 டிசம்பரில் ஒரு சிறிய நிறுவனம் சரி என்றது. மொத்தம் ஒன்பது பேர். அதன் முதலாளி எல்.எம்.ஐ.ஏ. என்ற சொல்லையே என்னிடம்தான் முதலில் கேட்டார். நான்கு வாரம் விளம்பரம் போட வேண்டும், அரசின் ஜாப் பேங்க் தளத்தில் போட வேண்டும், இன்னும் இரண்டு இடத்தில் போட வேண்டும், வந்த விண்ணப்பங்களுக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்றெல்லாம் நானே அவருக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். இதற்கிடையில் பெருந்தொற்று வந்து எல்லாம் தாமதம். 2020 மே மாதம் அரசு ஒரு தற்காலிக விதி கொண்டுவந்தது, நாட்டுக்குள் இருப்பவர்கள் புது பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும் முன்பே வேலையில் சேர அனுமதி கேட்கலாம் என்று. அதைப் பிடித்துக்கொண்டு ஜூனில் சேர்ந்தேன்.

ஏப்ரல் 12, இரவு

பத்து மாதமும் இரண்டு மாதமும் தனித்தனியாக இருந்தால் சேருமா என்று கேள்வி வந்திருக்கிறது. நல்ல கேள்வி. எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கனடா அனுபவப் பிரிவில் சேரும், கடைசி மூன்று ஆண்டுக்குள் துண்டு துண்டாகச் சேர்த்து மொத்தம் ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம். ஆனால் திறன் தொழிலாளர் பிரிவில் முதல் ஓராண்டு இடைவெளி இல்லாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறாகக் கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. நானும் போட்டேன்.

ஏப்ரல் 20

இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதியில் நிற்கும். 2020 ஆகஸ்டில் ஓராண்டு முடிந்தது. ஆனால் என் ஐ.இ.எல்.டி.எஸ். காலாவதி ஆகியிருந்தது, இரண்டு ஆண்டுதான் செல்லும். தேர்வு மையங்கள் சரியாக இயங்கவில்லை, தேதி கிடைத்து எழுதி மதிப்பெண் வந்தபோது 2021 ஜனவரி. பிப்ரவரி முதல் வாரம் ப்ரொஃபைல் போட்டேன்.

பிப்ரவரி 13, சனிக்கிழமை. அன்று நடந்த டிராவில் கட்-ஆஃப் 75.

எழுத்துப்பிழை இல்லை. எழுபத்தைந்து. கனடா அனுபவப் பிரிவில் இருந்த 27,332 பேரை ஒரே நாளில் அழைத்தார்கள். எல்லை மூடியிருந்தது, வெளியிலிருந்து ஆள் வர முடியவில்லை, ஏற்கெனவே உள்ளே வேலை பார்த்த ஆட்களை எடுத்துக்கொண்டார்கள். 50 புள்ளிக்காக ஒன்றரை ஆண்டு தூக்கம் கெட்டவனுக்கு மொத்தமே 75 போதும் என்று வந்து நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் பழைய சக ஊழியர் ஒருவர் போனில், "ஏம்பா, இதுக்கா இரண்டு தடவை இங்கிலீஷ் எழுதினே?" என்றார்.

கேள்வி கேட்டவருக்கு இதிலிருந்து சொல்ல விரும்பியது ஒன்றுதான். என் வேலைக் கடிதத்தின் 50 புள்ளி எனக்கு ஒரு பைசாவுக்கும் உதவவில்லை. அந்தக் கடிதம் என்னை உள்ளே கொண்டுவந்ததும், உள்ளே வந்து சேர்ந்த பன்னிரண்டு மாதமும்தான் உதவின. மார்ச் 25-இல் எடுத்தது அந்த 50 புள்ளியை மட்டும்தான். கடிதம் ஆளை உள்ளே கொண்டுவருவது அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 21

"அது உங்கள் அதிர்ஷ்டம், 75 இனி வராது" என்கிறார் ஒருவர். வராதுதான். 2025 பிப்ரவரி 5-இல் கனடா அனுபவப் பிரிவு டிரா 521-இல் நின்றது. ஆனால் அந்த டிராவில் நிற்பதற்கே உள்ளூர் அனுபவம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

இதற்கு இன்னொரு பதிலும் உண்டு, பிரெஞ்சு. மார்ச் 21-இல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான டிரா 379-இல் முடிந்தது. படிக்கிற வயதும் பொறுமையும் இருந்தால் படியுங்கள். நான் மூன்று மாதம் முயன்றேன். எண்பதைச் சொல்ல நான்கு இருபது என்கிறார்கள், தொண்ணூற்று ஒன்பதுக்கு நான்கு இருபது பத்து ஒன்பது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன்.

மே 4

முதலில் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. மெக்கானிக் என்று சொல்லியிருக்கிறார், நான் வரைபடக்காரன் கண்ணாலேயே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வெல்டர் நண்பர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி.

எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள்ளேயே கைத்தொழில் பிரிவு என்று தனியாக உண்டு. கனரக வாகன மெக்கானிக் அதில் வருவார். கடைசி ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். மொழித் தேவை மற்ற பிரிவுகளைவிடக் குறைவு, கனடாவின் மொழி அளவுகோலில் பேச, கேட்க 5-ஆம் நிலை, படிக்க, எழுத 4-ஆம் நிலை. கூடவே இந்த இரண்டில் ஒன்று: குறைந்தது ஓராண்டுக்கு முழுநேர வேலைக் கடிதம், இல்லையேல் ஏதாவது ஒரு மாகாணம் தரும் தொழில் தகுதிச் சான்று. அந்தச் சான்றைப் பெற அநேகமாக அந்த மாகாணத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். வெளியில் இருப்பவருக்கு நடைமுறையில் கைக்கு எட்டுவது வேலைக் கடிதம்தான், அதுவும் எல்.எம்.ஐ.ஏ.வோடு. புள்ளி போனாலும் தகுதிக்கான நிபந்தனை போகவில்லை. இதை உங்கள் கன்சல்டன்ட் சொன்னாரா?

இதே மாதிரி இன்னொன்று. திறன் தொழிலாளர் பிரிவில் நுழையவே 100-க்கு 67 வாங்க வேண்டிய வேறொரு கணக்கு இருக்கிறது. அதில் வேலைக் கடிதத்துக்கு 10 இன்னும் உண்டு. அதுவும் போய்விட்டது என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருந்தேன், தப்பு, மன்னிக்கவும். 67-ம் சி.ஆர்.எஸ்.ஸும் வேறு வேறு கணக்கு. பாதிக் குழப்பம் இதனால்தான்.

மே 5

கன்சல்டன்டைப் பற்றிக் காட்டமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அவர் உரிமம் பெற்றவரா என்று மட்டும் பாருங்கள். கனடாவில் குடிவரவு ஆலோசகர்களுக்கு ஒரு ஒழுங்குமுறைக் கல்லூரி இருக்கிறது, அதன் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் உண்டு. பெயரைப் போட்டால் வரும். வரவில்லை என்றால் கேளுங்கள், அவர் முகம் மாறுவதைப் பாருங்கள்.

மே 18

போலிக் கடிதம் பற்றி நிறையப் பேர். எனக்கும் வந்தது, 2017-இல். மாதம் 9,000 டாலர் சம்பளம், தங்க இடம், விமான டிக்கெட் எல்லாம் அவர்களே. மேலே மேப்பிள் இலை, கீழே மூன்று முத்திரை, அதில் ஒன்று சாய்ந்து குத்தியது மாதிரி தெரிவதற்காகவே சாய்த்திருந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் "அரசு கட்டணம்" கட்டச் சொன்னார்கள். நான் கட்டுகிற மனநிலையில்தான் இருந்தேன். என் அக்காதான் கேட்டாள், "நீ போட்ட ஒரு டிராயிங்காவது பார்த்தார்களா?" பார்க்கவில்லை. எந்த மென்பொருள் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்பதாயிரம் டாலர் கொடுக்கிறவன் அதைக்கூடக் கேட்க மாட்டானா?

எல்.எம்.ஐ.ஏ. கிடைத்த நிறுவனங்களின் பட்டியலை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. விதியை மீறிப் பிடிபட்ட முதலாளிகளின் பட்டியலும் தனியாக இருக்கிறது. அந்தப் பதவிக்கு அந்த ஊரில் என்ன சம்பளம் என்று ஜாப் பேங்கில் தெரியும். அரை மணி நேர வேலை. பணம் கேட்டால் மட்டும் அந்த அரை மணியும் வேண்டாம், அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஜூன் 1

வேறு நாடுகள் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. நான் அங்கெல்லாம் வாழ்ந்ததில்லை, விதியை மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதிக்கு வேலைக் கடிதம் கட்டாயம், 2025-இல் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 48,300 யூரோ வேண்டியிருந்தது, ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஜெர்மன் மொழி பி1 என்ற நடுத்தர நிலை அளவுக்குத் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு. வேலை இல்லாமலே போய்த் தேட வாய்ப்பு அட்டை என்று ஒன்று 2024 ஜூனிலிருந்து இருக்கிறது, ஓராண்டு, அதுவரை சாப்பாட்டுக்குப் பணம் காட்ட வேண்டும்.

பிரிட்டனில் அரசு உரிமம் பெற்ற முதலாளியின் ஸ்பான்சர் இல்லாமல் திறன் தொழிலாளர் விசா கிடையாது. வேலை போனால் பெரும்பாலும் 60 நாள். ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்களுக்கு முன்பு 60 நாள் இருந்தது, 2024 ஜூலையிலிருந்து 180 நாள் ஆக்கியிருக்கிறார்கள். எந்த நாடாக இருந்தாலும் வேலைக் கடிதத்தைக் கையில் வாங்கும்போதே இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். வேலை போனால் எத்தனை நாள்? நான் பார்க்கவில்லை.

ஜூன் 3

குளோஸ்டு பெர்மிட் மாட்டுக்குக் கயிறு கட்டின மாதிரி, வரவே வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தக் கயிறு இல்லாமல் நான் இங்கே வந்திருக்கவே முடியாது.

முதலாளி துன்புறுத்தினால், சம்பளம் தராமல் ஏய்த்தால், மிரட்டினால், அந்தத் தொழிலாளிக்கு எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும்படி திறந்த பெர்மிட் தரும் ஏற்பாடு 2019 ஜூனிலிருந்து இருக்கிறது. எனக்கு அது பொருந்தாது, என்னை யாரும் துன்புறுத்தவில்லை, வேலை இல்லை என்றார்கள், அவ்வளவுதான். ஆனால் மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

மனைவியையோ கணவரையோ கூட்டிவர நினைப்பவர்களுக்கு: முன்பு துணைவருக்குத் திறந்த பெர்மிட் எளிதாகக் கிடைத்தது. 2025 ஜனவரி 21-இலிருந்து முதன்மை விண்ணப்பதாரரின் பதவி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கடிதத்தில் உள்ள பதவி அரசின் எந்தத் தொழில் குறியீட்டில் விழுகிறது என்று முதலிலேயே பாருங்கள்.

ஜூலை 13

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்! சஸ்காட்செவனில் மூஸ் ஜா என்ற ஊரில் ஒரு பணிமனை இரண்டு முறை வீடியோவில் பேசியிருக்கிறது, இரண்டாவது முறை ஒரு எஞ்சின் சத்தத்தைக் கேட்கவிட்டு என்ன கோளாறு என்று கேட்டார்களாம். இதுதான் உண்மையான கம்பெனி. என் 2017 ஆசாமிகள் எந்தச் சத்தத்தையும் கேட்கவைக்கவில்லை.

மூஸ் ஜா அந்தக் கிராமப்புறத் திட்டத்தில் உள்ள 14 சமூகங்களில் ஒன்று. ஆகவே இரண்டு விஷயம் பாருங்கள். அந்தப் பணிமனை உள்ளூர் அமைப்பால் அங்கீகரிக்கப்பட்ட முதலாளியா? உங்கள் தொழில் அந்தச் சமூகத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறதா? ஒவ்வொரு ஊரும் தன் பட்டியலைத் தானே போடுகிறது. இரண்டுக்கும் ஆம் என்றால் எல்.எம்.ஐ.ஏ. வேண்டாம், சமூகத்தின் பரிந்துரையோடு நேரே பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம்.

செலவுக்குப் பணம் காட்டுவது பற்றியும் கேட்டிருந்தார். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனி ஆளுக்கு 2025 ஜூலையில் 15,263 டாலராக உயர்த்தினார்கள். செல்லத்தக்க வேலைக் கடிதமும் கனடாவில் வேலை செய்யும் அனுமதியும் இரண்டும் இருந்தால் அதைக் காட்ட வேண்டாம். கிராமப்புறத் திட்டத்துக்குக் கணக்கு வேறு, இந்தத் தொகையை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஜூலை 27

ஏப்ரல் 9-இல் நான் எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். நிறுவனம் பிரிவைக் கலைத்ததால் பி.ஆர். போயிற்று என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

எச்.ஆர். தந்த கடிதம் கலைப்புக்கு ஒரு வாரம் முன்பே என் கையில் இருந்தது. முதல் பத்தியில் பதவி, சம்பளம், வாரம் 37.5 மணி. எல்லாம் சரி. இரண்டாவது பத்தியில் ஒரே வரி: இந்தப் பணி மேற்படி கட்டுமானத் திட்டம் நடைபெறும் காலம்வரை தொடரும். ஓராண்டு என்று இல்லை, நிரந்தரம் என்றும் இல்லை. அந்த வரியோடு அந்த 50 புள்ளியை எந்த அதிகாரியும் ஒப்புக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன், சட்டப் பிரிவு ஒப்புக்கொண்ட வாசகம் இதுதான் என்றார்கள். அப்புறம் 2018-இல் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதே வரி அதிலும் இருந்தது. பத்து மாதமாக என் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. சம்பளத்தைப் படித்தேன், சேரும் தேதியைப் படித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 16

மூஸ் ஜா கடிதம் வந்துவிட்டதாம், வாழ்த்துகள். பணிமனை அங்கீகரிக்கப்பட்டதுதான் என்றும் உறுதி செய்துவிட்டார். கையெழுத்துப் போடும் முன் இரண்டாவது பத்தியை மட்டும் இங்கே போடுங்கள், நிறுவனப் பெயரை மறைத்துவிட்டு.

ஆகஸ்ட் 17

பார்த்தேன். "முதல் ஆறு மாதம், அதன்பின் தேவைக்கேற்ப நீட்டிக்கப்படும்" என்று இருக்கிறது. அது தகுதிகாண் காலம் என்ற பொருளில் எழுதியதாக இருக்கலாம், பணிமனைக்காரருக்கு வேறு வாசகம் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அந்தத் திட்டத்துக்கு முடிவுத் தேதி இல்லாத, பருவகாலம் சாராத முழுநேர வேலை வேண்டும். இன்றே எழுதிக் கேளுங்கள்: ஆறு மாதம் தகுதிகாண் காலம் மட்டும்தான், பணி நிரந்தரம் என்று மாற்றித் தர முடியுமா? திங்கட்கிழமை காலை அவர்கள் பணிமனை திறக்கும்போது உங்கள் மின்னஞ்சல் மேலே இருக்கட்டும்.